பென் டிரைவ் கெட்டுவிட்டதா? ஃபைல்களை மீட்பதும் டிரைவைச் சரிசெய்வதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேற்றுவரை ஒழுங்காகத் திறந்த பென் டிரைவ் இன்று திறக்க மறுக்கிறது. உள்ளே இருப்பதோ வேறெங்கும் பிரதி இல்லாத ஃபைல்கள். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். அவசரமாக இருந்தால் முதல் இரண்டு கேள்விகளையும், இமேஜ் எடுப்பது பற்றிய கேள்வியையும் மட்டுமாவது படித்துவிட்டு டிரைவில் கை வையுங்கள்.

செருகியதுமே ‘ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்’ என்று விண்டோஸ் சொல்கிறது. செய்துவிடலாமா?

வேண்டாம். ‘கேன்சல்’ அழுத்துங்கள். ஃபைல்கள் போய்விட்டன என்று அந்தப் பெட்டி சொல்லவில்லை. இதில் இருப்பது எந்த வகை ஃபைல் சிஸ்டம் (ஃபைல்களை அடுக்கிக் கணக்கு வைக்கும் முறை) என்று தனக்குப் புரியவில்லை என்றுதான் சொல்கிறது. புரியாததற்கு அதனிடம் இருக்கும் வைத்தியம், இருப்பதைத் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதுவது. அது டிரைவுக்கான வைத்தியம். உங்களுக்கு வேண்டியது ஃபைல்.

ஃபைலை மீட்பது ஒரு வேலை, டிரைவைச் சரிசெய்வது வேறு வேலை. பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் கோட்டை விடுகிறார்கள். சரிசெய்யும் கருவி எதுவானாலும் டிரைவின் மேல் எழுதும்; எழுதினால் பழையது அழியும். அதனால் வரிசை மாறக்கூடாது: முதலில் மீட்பு, ஃபைல்கள் வேறிடத்தில் பத்திரமான பிறகுதான் பழுது பார்ப்பது.

ஐயோ, நான் ஏற்கெனவே ஃபார்மட் செய்துவிட்டேனே!

‘குவிக் ஃபார்மட்’ என்ற இடத்தில் டிக் இருந்ததா? வழக்கமாக அது இருக்கும். இருந்தது என்றால் பெரும்பாலும் தப்பித்தீர்கள். அது ஃபைல்களின் பட்டியலை மட்டும் புதிதாக எழுதுகிறது. ஃபைல்களின் உள்ளடக்கம் இருந்த இடத்திலேயே கிடக்கும். அதன்பின் டிரைவில் எதையும் காப்பி செய்யாமல் இருந்தால் நிறையவே மீட்கலாம்.

டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுத்திருந்தால் கதை வேறு. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் முழு ஃபார்மட் என்பது கெட்ட பகுதிகளைத் தேடிப் படித்துப் பார்ப்பது மட்டும்தான். விஸ்டாவிலிருந்து அது டிரைவ் முழுக்கப் பூஜ்யங்களை எழுதுகிறது. அதை முடியும்வரை விட்டிருந்தால் எந்த மென்பொருளாலும் ஒன்றும் செய்ய முடியாது. பாதியில் நிறுத்தியிருந்தால், பூஜ்யம் எட்டாத மிச்சப் பகுதியிலிருந்து கொஞ்சம் தேறலாம்.

கரப்ட் ஆவது என்றால் உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது?

பென் டிரைவுக்குள் முக்கியமாக இரண்டு பொருள்கள். ஒன்று, தரவைத் தாங்கும் நாண்ட் ஃபிளாஷ் சிப். இன்னொன்று, அதைக் கட்டி மேய்க்கும் கன்ட்ரோலர் சிப். எந்தத் தரவு எந்த மூலையில் கிடக்கிறது என்ற கணக்கை கன்ட்ரோலர் தன்னிடம் ஓர் அட்டவணையாக வைத்திருக்கிறது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதினால் அந்த இடம் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால், எழுதுவதை எல்லா இடங்களுக்கும் பரப்பிவிடுவதும் இதன் வேலைதான்.

இதற்கு மேலே ஃபைல் சிஸ்டம் என்ற இன்னொரு அடுக்கு. ஃபேட்32 வகையை எடுத்துக்கொள்வோம். டிரைவ் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஃபைலின் பெயருக்குப் பக்கத்தில் அதன் முதல் கட்டத்தின் எண் இருக்கும். இரண்டாவது கட்டம் எங்கே, மூன்றாவது எங்கே என்பதைத் தனி அட்டவணை சொல்லும். ஃபேட் என்ற பெயரே அந்த அட்டவணையின் சுருக்கம்தான். எழுதிக்கொண்டிருக்கும்போதே டிரைவைப் பிடுங்கினால் இந்த அட்டவணை பாதி புதிதாகவும் பாதி பழையதாகவும் நின்றுவிடும். பொருளடக்கம் கிழிந்த புத்தகம் மாதிரி. பக்கங்கள் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன, எது எங்கே என்றுதான் தெரியவில்லை.

கெட்டது மேல் அடுக்கு மட்டும் என்றால் மென்பொருளே போதும். கன்ட்ரோலரின் சொந்தக் கணக்குப் புத்தகம் கெட்டிருந்தால் கணினிக்கு டிரைவே சரியாகத் தெரியாது. அங்கே மென்பொருள் எட்டாது. மீட்க முடியுமா முடியாதா என்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முடிவாகிறது.

என் டிரைவ் எந்த நிலையில் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விண்டோஸில் ஸ்டார்ட் பட்டனை வலது கிளிக் செய்து ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ திறந்து பாருங்கள். ‘திஸ் பிசி’ (பழைய பெயர் ‘மை கம்ப்யூட்டர்’) பக்கத்தைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள்; அங்கே தெரியாத டிரைவ்கூட இங்கே தெரியும்.

டிரைவ் அதன் உண்மையான அளவோடு தெரிந்து, பக்கத்தில் ‘ரா’ என்றோ ‘அன்அலோகேட்டட்’ என்றோ இருந்தால் நல்ல செய்தி. சிப்பும் கன்ட்ரோலரும் பேசிக்கொள்கின்றன, ஃபைல் சிஸ்டம்தான் குழம்பியிருக்கிறது. எல்லாம் சரியாக இருந்து ‘E:’, ‘F:’ போன்ற டிரைவ் எழுத்து மட்டும் இல்லை என்றால் இன்னும் நல்லது. வலது கிளிக் செய்து ஓர் எழுத்து கொடுத்தால் போதும், பிரச்சினையே தீர்ந்துவிடலாம்.

‘நோ மீடியா’ என்று வந்தாலோ, அளவு பூஜ்யம் என்று காட்டினாலோ கன்ட்ரோலரால் ஃபிளாஷ் சிப்பைப் படிக்க முடியவில்லை என்று பொருள். 64 ஜிபி டிரைவ் சில மெகாபைட் மட்டும் காட்டுவதும், தயாரிப்பாளர் பெயர் மறைந்து யாருக்கும் புரியாத ஏதோ பெயர் வருவதும் இதே வகைதான். இந்த நிலையில் எந்த மீட்பு மென்பொருளை வாங்கினாலும் பணம்தான் வீண்.

செருகினால் எந்தச் சத்தமும் இல்லை, பட்டியலிலும் வரவில்லை என்றால் இணைப்பு, மின்சாரம், சால்டரிங் இவற்றில் ஏதோ ஒன்று.

முதலில் போர்ட்டை மாற்றிப் பார்க்கட்டுமா?

கட்டாயம். ஹப் வழியாக இல்லாமல் நேராகக் கணினியில் செருகுங்கள். மேசைக் கணினி என்றால் பின்பக்கத்து போர்ட்டில். இன்னொரு கணினியிலும் ஒருமுறை பாருங்கள். ஆனால் இருபது தடவை செருகிப் பிடுங்காதீர்கள். சாகக் கிடக்கும் டிரைவ் ஒவ்வொரு முறை மின்சாரம் ஏறும்போதும் இன்னும் கொஞ்சம் கெடலாம்.

இமேஜ் எடுக்கச் சொல்கிறார்களே, அது என்ன? அவசியமா?

டிரைவின் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை, காலியிடம் உட்பட, அப்படியே ஒரே பெரிய ஃபைலாகப் பிரதி எடுப்பதுதான் இமேஜ். ஃபைல்களைக் காப்பி செய்வது வேறு, இது வேறு; இங்கே ஃபைல் சிஸ்டம் புரிகிறதா இல்லையா என்பதே பொருட்டில்லை. எடுத்து முடித்ததும் டிரைவைக் கழற்றி வைத்துவிட்டு எல்லாச் சோதனைகளையும் இமேஜின் மேல் செய்யலாம். ஒரு மென்பொருள் சொதப்பினாலும் மூலம் பத்திரமாக இருக்கும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

இதற்கு என் தேர்வு குனு டிடிரெஸ்க்யூ. இலவசம், லினக்ஸில் ஓடும். உங்களிடம் லினக்ஸ் இல்லை என்றால் ‘சிஸ்டம்ரெஸ்க்யூ’வை வேறொரு பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து கணினியைத் துவக்கலாம், டிடிரெஸ்க்யூ அதிலேயே இருக்கிறது. இதன் கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், படிக்க முடியாத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காது. நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, தகராறு செய்யும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை படித்தோம் என்பதை மேப் ஃபைல் என்ற ஒன்றில் குறித்து வைக்கும். நடுவில் டிரைவ் துண்டித்துக்கொண்டாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மேப் ஃபைலைக் கேட்காமல் ஓடவிடுவது பலர் செய்யும் தவறு. இன்னொரு எச்சரிக்கை: கட்டளையில் மூலம் எது, இலக்கு எது என்று இரண்டு முறை சரிபார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள். இடம் மாறினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

விண்டோஸிலேயே முடிக்க விரும்பினால் டெஸ்ட்டிஸ்க், டிஎம்டிஇ இரண்டுமே இமேஜ் எடுத்துத் தரும். கணினியில் பென் டிரைவின் மொத்தக் கொள்ளளவுக்குக் காலியிடம் வேண்டும். ஆரோக்கியமான 32 ஜிபி டிரைவை வினாடிக்கு 25 மெகாபைட் வேகத்தில் படித்தால் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். நோயாளி டிரைவ் ஒரு ராத்திரியையே தின்னலாம். நடுவில் குறுக்கிடாமல் விட்டுவிடுங்கள்.

எந்த மீட்பு மென்பொருள் நல்லது?

எதைத் தொலைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

பார்ட்டிஷனே (டிரைவில் ஃபைல் சிஸ்டம் இருக்கும் பகுதி) காணவில்லை, டிரைவ் ‘ரா’ ஆகிவிட்டது என்றால் டெஸ்ட்டிஸ்க். ஃபேட்32 தன் பூட் செக்டரின், அதாவது ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படை விவரங்கள் இருக்கும் முதல் பகுதியின், பிரதி ஒன்றை ஆறாம் செக்டரில் வைத்திருக்கிறது. என்டிஎஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டம் அதைப் பார்ட்டிஷனின் கடைசியில் வைத்திருக்கிறது. எக்ஸ்ஃபேட் என்ற மூன்றாவது வகையும் ஒரு பிரதி வைத்திருக்கிறது. முதன்மைப் பிரதி மட்டும் கெட்டிருந்தால் டெஸ்ட்டிஸ்க் அந்த மாற்றைத் தேடிப் பிடித்து ஃபோல்டர்களைப் பெயரோடு காட்டிவிடும். அந்தக் காட்சி கொடுக்கும் நிம்மதி தனி. ஆனால் அங்கேயே ‘ரைட்’ அழுத்திச் சரிசெய்யத் துடிக்காதீர்கள். ஃபைல்களைக் காப்பி செய்துகொண்டு வெளியே வாருங்கள். தோற்றம் பழைய கறுப்புத் திரைதான், மவுஸ் வேலை செய்யாது. அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

தவறி அழித்த சில ஃபைல்கள் மட்டும் என்றால் ரெக்குவா போதும், எளிதாகவும் இருக்கும். மைக்ரோசாஃப்ட் 2020இல் ‘விண்டோஸ் ஃபைல் ரெக்கவரி’ என்ற இலவசக் கருவியை வெளியிட்டது. கட்டளை தட்டத் தெரிந்தவர்களுக்கு அதுவும் நல்லது. ஃபைல் சிஸ்டம் அடையாளம் தெரியாமல் சிதைந்திருந்தால் கடைசி ஆயுதம் ஃபோட்டோரெக். டெஸ்ட்டிஸ்க்கோடு சேர்ந்தே வரும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், படங்கள் மட்டுமில்லாமல் நூற்றுக்கணக்கான ஃபைல் வகைகளைத் தேடும்.

காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் என்றால், வாங்கும் முன்பே மீட்கக்கூடிய ஃபைல்களைத் திறந்து காட்டுகிறதா என்று பாருங்கள். வெறும் பெயர்ப் பட்டியலை நம்பாதீர்கள். பெயர் இருக்கும், உள்ளே குப்பை இருக்கும்.

எதைப் பயன்படுத்தினாலும் மீட்ட ஃபைல்களை அதே பென் டிரைவில் சேமிக்காதீர்கள். இதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படிச் செய்தவர்களைப் பார்த்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மீட்ட ஃபைல்களுக்குப் பெயரே இல்லை, வெறும் எண்களாக இருக்கின்றனவே?

ஃபோட்டோரெக் மாதிரியான கருவிகள் பட்டியலைப் பார்ப்பதே இல்லை. தரவை ஆரம்பத்திலிருந்து வாசித்துக்கொண்டே போய், ஒவ்வொரு ஃபைல் வகைக்கும் உரிய முதல் எழுத்துகளைத் தேடுகின்றன. ஜேபெக் படம் எப்போதும் ஒரே மூன்று பைட்டுகளில் தொடங்கும். பிடிஎஃப் தன் பெயரையே முதல் எழுத்துகளாக வைத்திருக்கும். ஜிப் ஃபைல் ‘பிகே’ என்று தொடங்கும். அந்த வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸின் பெயரின் முதலெழுத்துகள் அவை. இன்றைய வேர்ட், எக்ஸெல் ஃபைல்களும் உள்ளுக்குள் ஜிப்தான், அதனால் அவையும் அப்படியே தொடங்கும். பெயரும் ஃபோல்டரும் பட்டியலில் இருந்தவை. பட்டியல் போனதோடு அவையும் போயின.

ஆயிரக்கணக்கில் படங்கள் வந்து விழுந்தால், ஒவ்வொரு படத்துக்குள்ளும் கேமரா எழுதி வைத்த தேதியை வைத்து அடுக்குங்கள். ஃபைலின் தேதியை வைத்து அடுக்கினால் பெரும்பாலும் எல்லாமே மீட்ட நாளின் தேதியில் நிற்கும். சின்னச் சின்ன முன்னோட்டப் படங்களும் நிறைய சேர்ந்து வரும். அளவு வாரியாக அடுக்கிக் கீழே இருப்பவற்றை மொத்தமாக ஒதுக்கிவிடுங்கள்.

வீடியோ மீண்டது, ஆனால் ஓடவில்லை. ஏன்?

இரண்டு காரணங்கள். பெரிய ஃபைல் ஒரே இடத்தில் தொடர்ச்சியாக இல்லாமல் துண்டு துண்டாகக் கிடந்திருக்கலாம். பட்டியல் இல்லாமல் தேடும் கருவி முதல் துண்டைப் பிடித்துக்கொண்டு, அடுத்தடுத்த கட்டங்களில் இருப்பதையெல்லாம் அதே ஃபைல் என்று நம்பிச் சேர்த்துவிடும். வேர்ட் ஃபைல் பாதியில் உடைவதும், படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக வருவதும் இதனால்தான்.

இரண்டாவது, எம்பி4 வீடியோவுக்கே உரியது. எந்த வினாடி ஃபைலில் எங்கே இருக்கிறது என்ற குறிப்பைப் பல கேமராக்கள் பதிவு முடிந்த பிறகுதான் ஃபைலின் கடைசியில் எழுதுகின்றன. அந்தக் கடைசித் துண்டு வராவிட்டால், வந்த படமும் ஒலியும் நன்றாக இருந்தாலும் பிளேயருக்கு ஒன்றும் புரியாது. இதற்கு ‘அன்ட்ரங்க்’ என்ற இலவசக் கருவி இருக்கிறது. அதே கேமராவில், அதே அமைப்பில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றைக் காட்டினால், அதை மாதிரியாக வைத்து உடைந்ததைக் கட்டிப் பார்க்கும். சில நேரம் அசத்திவிடும், சில நேரம் கைவிரித்துவிடும்.

டிரைவ் கெடவில்லை. நான்தான் தெரியாமல் டெலீட் செய்துவிட்டேன்.

இருப்பதிலேயே எளிதான நோய் இது. பென் டிரைவில் டெலீட் செய்வது விண்டோஸில் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, அதனால் அங்கே தேட வேண்டாம். மேக்கில் அழித்திருந்தால் அதிர்ஷ்டம்: அது டிரைவிலேயே புள்ளியில் தொடங்கும் ‘ட்ராஷஸ்’ என்ற மறைவான ஃபோல்டருக்குள் போட்டு வைக்கும். லினக்ஸும் அப்படித்தான். ‘எல்லாவற்றையும் அழித்தேன், இடம் மட்டும் காலியாகவில்லை’ என்று குழம்புகிறவர்களுக்கும் இதுதான் பதில்.

விண்டோஸில் அழித்தது என்றால், ஃபேட்32 டிரைவின் ஃபைல் பட்டியலில் அந்த ஃபைல் பெயரின் முதல் எழுத்துக்கு மேல் ‘அழிந்தது’ என்ற குறி விழுகிறது, அதன் கட்டங்கள் காலி என்று பதிவாகின்றன. அவ்வளவுதான். கேமரா வைக்கும் எட்டெழுத்துப் பெயர் போன்ற சின்னப் பெயர்கள் மீண்டு வரும்போது முதல் எழுத்து மட்டும் இல்லாமல் நிற்பது இதனால்தான். எஸ்எஸ்டி வகை டிரைவ்களில் ‘டிரிம்’ என்ற கட்டளை அழித்த இடத்தை உடனே சுத்தம் செய்துவிடும். பென் டிரைவ்கள் பெரும்பாலும் அதை ஆதரிப்பதில்லை. பழைய குறைபாடு இந்த ஒரு சமயத்தில் நமக்கு உதவுகிறது.

விண்டோஸின் பிழைதிருத்தும் கருவியான செக்டிஸ்க் ஓட்டினால் சரியாகிவிடும் என்று பல இடங்களில் சொல்கிறார்களே?

டிரைவ் சரியாகலாம். ஃபைல்களுக்கு அது பொறுப்பேற்காது. ஃபைல் சிஸ்டத்தை முரண்பாடு இல்லாமல் ஆக்குவதுதான் அதன் குறிக்கோள். அதற்காகச் சங்கடமான ஃபோல்டரை வெட்டிப் போட அது தயங்காது. சொந்தக்காரர் தெரியாத துண்டுகளை ‘ஃபவுண்ட்’ என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் வரிசை எண் கொண்ட ‘சிஹெச்கே’ ஃபைல்களாகக் குவித்துவிடும். ஏற்கெனவே ஓட்டிவிட்டீர்கள் என்றால் அந்த ஃபோல்டரை அழிக்காதீர்கள். துண்டுகளை அவற்றின் முதல் எழுத்துகளை வைத்து அடையாளம் கண்டு, ‘.jpg’, ‘.pdf’ போன்ற சரியான வால்பெயர் கொடுத்தால் சில ஃபைல்கள் திறக்கும். மொத்த ‘ரா’ டிரைவில் செக்டிஸ்க் ஓடவே ஓடாது.

இமேஜ் கையில் இருந்தால் தாராளமாக ஓட்டுங்கள். கட்டளை வேண்டாம் என்றால் டிரைவை வலது கிளிக் செய்து பிராப்பர்டீஸ், டூல்ஸ், செக் என்று போனால் அதுவேதான்.

ஃபைல்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டன.

இது கரப்ட் இல்லை, வைரஸ். உங்கள் ஃபோல்டர்களுக்கு ‘மறைவு’, ‘சிஸ்டம்’ என்ற இரண்டு முத்திரை குத்தி ஒளித்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட் வைத்திருக்கிறது. அதைக் கிளிக் செய்தால் ஃபோல்டரும் திறக்கும், கூடவே வைரஸும் ஓடும். தொடாதீர்கள்.

எளிய வழி, லினக்ஸ் கணினியில் செருகுவது. அது விண்டோஸின் மறைவு முத்திரையைப் பொருட்படுத்துவதில்லை, எல்லாமே வெளிப்படையாகத் தெரியும். தேவையானதை மட்டும் காப்பி செய்துகொள்ளுங்கள். விண்டோஸிலேயே பார்க்க, ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்தவற்றைக் காட்டச் சொல்வதோடு ‘பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களை மறை’ என்பதன் டிக்கையும் எடுக்க வேண்டும். இரண்டாவதை மறந்துவிட்டு ‘ஒன்றும் இல்லையே’ என்பவர்கள்தான் அதிகம். பிறகு டிரைவை ஃபார்மட் செய்யுங்கள், கணினியையும் ஸ்கேன் செய்யுங்கள். கணினியில் வைரஸ் இருந்தால் சுத்தமான டிரைவைச் செருகிய மறுநிமிடமே பழைய கதை திரும்பும்.

‘ரைட் புரொடெக்டட்’ என்று வந்து எழுதவோ ஃபார்மட் செய்யவோ விடவில்லை.

பக்கவாட்டில் சின்ன ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். முழு அளவு எஸ்டி கார்டில் பெரும்பாலும் இருக்கும். இல்லை என்றால் வேறு கணினியில் செருகுங்கள். அங்கே எழுத முடிந்தால் தடை முதல் கணினியின் அமைப்பில் இருக்கிறது. எங்குமே முடியவில்லை என்றால், கன்ட்ரோலர் தானாகவே கதவை மூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்று இடம் தீர்ந்துபோன, தேய்ந்த சிப்பில் மேலும் எழுதினால் இருப்பதும் போகும் என்று சில கன்ட்ரோலர்கள் இப்படிச் செய்யும். அது கடைசியாகச் செய்யும் உபகாரம். இன்னும் படிக்க முடிகிறது, எல்லாவற்றையும் காப்பி செய்துகொண்டு டிரைவுக்கு விடைகொடுங்கள். பூட்டை உடைக்கும் கட்டளைகளைத் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

டிரைவ் வளைந்துவிட்டது, கனெக்டர் ஆடுகிறது. பிடித்துக்கொண்டே காப்பி செய்யலாமா?

கூடாது. ஆடுவது முழுதாகப் பிய்ந்தால் போர்டில் இருக்கும் மெல்லிய செம்புப் பாதைகளையும் உரித்துக்கொண்டு வரும். மொபைல் போர்டுகளில் நுண்ணிய சால்டரிங் செய்கிறவர் யாராவது கனெக்டரைத் திரும்பப் பற்றவைத்துத் தந்தால் அதுவே போதும். அவரிடம் ‘ஃபைல்தான் வேண்டும், டிரைவ் வேண்டாம்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் டிரைவை ஓடவைக்க கன்ட்ரோலருக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதிதாக ஏற்றிவிடுவார்கள். டிரைவ் புத்தம் புதிதாக ஓடும், உள்ளே ஒன்றுமே இருக்காது.

தண்ணீரில் விழுந்தது என்றால் நன்றாகக் காயும்வரை செருகாதீர்கள். ஈரத்தைவிட, ஈரத்தோடு ஏறும் மின்சாரம்தான் கொல்லும்.

‘நோ மீடியா’ நிலையில் ஆய்வகங்கள் என்ன செய்யும்?

ஃபிளாஷ் சிப்பைச் சூடாக்கிக் கழற்றி, தனி ரீடரில் வைத்து நேரடியாகப் படிப்பார்கள். வருவது உடனே ஃபைலாக இருக்காது. கன்ட்ரோலர் தரவைக் கலைத்து, பல இடங்களில் பரப்பி, பிழைதிருத்தக் குறிகளையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கும். அந்தக் கன்ட்ரோலர் எப்படிக் கலைக்கும் என்று தெரிந்து தலைகீழாகக் கட்ட வேண்டும். இப்போதைய குட்டி டிரைவ்களில் சிப்பும் கன்ட்ரோலரும் ஒரே வில்லையாக வார்க்கப்பட்டிருக்கும். அதன் பூச்சைச் சுரண்டி, மயிரிழைக் கம்பிகளை ஒவ்வொரு புள்ளியிலும் பற்றவைக்க வேண்டும். செலவு ஏன் அவ்வளவு என்பது இதில் புரிந்திருக்கும். ஆய்வகத்துக்கு அனுப்புவதாக இருந்தால் அதற்கு முன் வீட்டில் எந்தப் பரிசோதனையும் செய்யாதீர்கள். ஒன்றும் மீளாவிட்டால் கட்டணம் உண்டா என்பதை எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிட்லாக்கர் (விண்டோஸின் குறியாக்கப் பூட்டு) போட்ட டிரைவ் கெட்டுவிட்டது.

48 இலக்க மீட்பு எண் இருக்கிறதா? இருந்தால் விண்டோஸிலேயே உள்ள ‘ரிப்பேர் பிடிஇ’ என்ற கருவி, பூட்டைத் திறந்து தரவை வேறொரு டிஸ்க்கில் எழுதித் தரும். அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கலாம், அங்கே தேடுங்கள். எண்ணும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை என்றால் ஃபோட்டோரெக்குக்குத் தெரிவது வெறும் இரைச்சல்தான்.

புது டிரைவ்தான். முதல் சில ஃபைல்கள் திறக்கின்றன, பின்னால் ஏற்றியவை எல்லாம் உடைந்திருக்கின்றன.

போலி டிரைவாக இருக்கும். உள்ளே 8 ஜிபி சிப்பை வைத்துவிட்டு 128 ஜிபி என்று பொய் சொல்லும்படி கன்ட்ரோலரை மாற்றியிருப்பார்கள். உண்மையான கொள்ளளவு தாண்டிய பிறகு எழுதியவை காற்றில் போகும், அல்லது பழையவற்றின் மேலேயே விழும். அவை எங்கேயும் பதிவாகவில்லை; மீட்க ஒன்றுமில்லை. விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 என்ற கருவிகள் டிரைவை நிரப்பித் திரும்பப் படித்து உண்மையான அளவைச் சொல்லிவிடும். புதிதாக வாங்கும் ஒவ்வொரு டிரைவையும் காலியாக இருக்கும்போதே இப்படிச் சோதிப்பது என் வழக்கம்.

எல்லாவற்றையும் மீட்டுவிட்டேன். இனி அதே டிரைவை நம்பலாமா?

காரணத்தைப் பொறுத்து. நடுவில் பிடுங்கியதால் கெட்டது என்றால் ஃபார்மட் செய்து, மேலே சொன்ன சோதனையை ஒருமுறை முழுதாக ஓட்டிப் பாருங்கள். பிழையே இல்லாமல் முடிந்தால் பயன்படுத்தலாம். காரணமே தெரியாமல் கெட்டிருந்தாலோ, இமேஜ் எடுக்கும்போது படிக்க முடியாத பகுதிகள் வந்திருந்தாலோ, தூக்கிப் போடுங்கள். ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் டிஎல்சி வகை ஃபிளாஷ் ஏறத்தாழ 1,000 முதல் 3,000 முறைதான் அழித்து எழுதத் தாங்கும். தேய்மானம் தொடங்கிய சிப்பை எந்த ஃபார்மட்டும் இளமையாக்காது.

ஃபார்மட் வகை என்றால் எக்ஸ்ஃபேட் பெரும்பாலோருக்குச் சரி. ஃபேட்32இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை வைக்க முடியாது. பழைய டிவி, கார் ஸ்டீரியோ போன்றவற்றில் ஓட வேண்டும் என்றால் மட்டும் ஃபேட்32.

நான் எப்போதும் ஒழுங்காக ‘இஜெக்ட்’ செய்துதான் எடுக்கிறேன். அப்படியும் ஏன் கெடுகிறது?

இஜெக்ட் தடுப்பது ஒரே ஒரு விபத்தைத்தான். சொல்லப்போனால் விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து பென் டிரைவ்களுக்கு ‘விரைவாகக் கழற்றும்’ முறைதான் இயல்பு, எழுதுவதைத் தேக்கி வைக்காது. ஆனாலும் இஜெக்ட் செய்யும் பழக்கத்தை விடாதீர்கள். மேக்கிலும் லினக்ஸிலும் அது இன்னும் கட்டாயம். மலிவான சிப், தேய்மானம், மின்சாரத் தடுமாற்றம் இவற்றை எந்தப் பட்டனும் தடுக்காது. இன்னொன்று பலருக்குத் தெரியாது: ஃபிளாஷ் சிப் தரவை மின்னூட்டமாகச் சேர்த்து வைக்கிறது, அது மெல்லக் கசியும். தேய்ந்த சிப்பில், சூடான இடத்தில், இன்னும் வேகமாக. ஆண்டுக்கணக்கில் டிராயரில் கிடந்த டிரைவ் தொடாமலே கெட்டுப்போவது இப்படித்தான். பென் டிரைவ் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக. சேமித்து வைக்க அல்ல.

செத்த டிரைவை அப்படியே குப்பையில் போடலாமா?

கணினிக்குத் தெரியாத டிரைவில் தரவு இல்லை என்று பொருளில்லை; சிப்பைக் கழற்றிப் படிக்கத் தெரிந்தவருக்கு அது திறந்த புத்தகம். வேலை செய்யும் டிரைவ் என்றால் முழு ஃபார்மட் கொடுங்கள். கன்ட்ரோலர் ஒதுக்கி வைத்த சில மூலைகளுக்கு அது எட்டாது என்றாலும் சாதாரணத் தேவைக்குப் போதும். வேலை செய்யாதது என்றால் மேலுறையைப் பிளந்து, உள்ளே இருக்கும் பெரிய கறுப்பு சிப்பை ப்ளையரால் இரண்டாக உடைத்துவிட்டு மின்கழிவில் சேருங்கள். கனெக்டரை மட்டும் உடைத்தால் அது முன்பு சொன்ன சால்டரிங் கேஸ்தான்.